சீக்வோயா தேசியப் பூங்கா: முழங்கால் வலியோடும் போய்ப் பார்க்கலாம்

அப்பா அம்மா கலிஃபோர்னியாவுக்கு வந்தால் எங்கே அழைத்துப் போவது என்று கேட்டால், நண்பர்கள் கோல்டன் கேட் பாலம், லாஸ் வேகாஸ் என்று அடுக்குவார்கள். நான், சீக்வோயா என்ற ராட்சத மரங்கள் நிற்கும் இந்தப் பூங்காவைத்தான் சொல்வேன். உலகத்திலேயே பெரிய மரமான ஜெனரல் ஷெர்மனின் அடிவரை, கைத்தடி ஊன்றி நடக்கிற ஒருவர் போய் நிதானமாகப் பார்த்துத் திரும்பும்படி அங்கே வழி செய்து வைத்திருக்கிறார்கள். எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அப்பா மர டிப்போவில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எந்த மரத்தைப் பார்த்தாலும் மனசுக்குள் கன அடி போட்டுவிடுவார்.

ஜெனரல் ஷெர்மன் மரத்துக்கு ஊரே போகும் பார்க்கிங் மேலே இருக்கிறது. அங்கிருந்து அரை மைல் இறக்கம். இறங்குவது சுகம்தான், திரும்பும்போது சுமார் 200 அடி ஏற வேண்டும். ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், அதாவது ஊட்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், அந்த ஏற்றம் ஆளைக் களைக்க வைத்துவிடும். வழியில் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள்.

வயதானவர்களுக்கான வழி வேறு. பூங்காவுக்குள் ஓடும் ஜெனரல்ஸ் ஹைவே என்ற சாலையின் ஓரத்திலேயே, மரத்துக்கு வெகு அருகில், மாற்றுத்திறனாளி அட்டை உள்ள கார்களுக்குத் தனி பார்க்கிங் உண்டு. அட்டை இல்லையென்றால் கோடைக்காலத்தில் ஓடும் இலவச ஷட்டில் பஸ் அங்கே நிற்கும். நாங்கள், ஷெர்மன் நிற்கிற ஜயன்ட் ஃபாரஸ்ட் என்ற தோப்பின் மியூசியத்தில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனோம். அம்மா கைத்தடியோடு இறங்கியதும் டிரைவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அங்கிருந்து சமதளமான சின்ன நடை, அவ்வளவுதான். நடக்க ஆசைப்படுபவர்கள் மேல் பார்க்கிங்கில் தொடங்கி இறங்கி வந்து, இந்தக் கீழ் நிறுத்தத்தில் பஸ் ஏறிவிடலாம். ஏற்றமே கிடையாது.

ஷெர்மனின் உயரம் 275 அடி. அதைவிட உயரமான மரங்கள் உண்டு. அடிமரத்தின் கன அளவில்தான் இது உலகத்தில் முதல். அடியில் சுற்றளவு 102 அடிக்கு மேல். 52,500 கன அடி என்று நான் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு லாரிக்கு ஐந்நூறு கன அடின்னு வச்சாலும் நூறு லாரிக்கு மேல போகும்மா" என்றார். அடுத்து அவர் கேட்டது, "இதையெல்லாம் யாரும் வெட்டாமயா விட்டாங்க?"

வெட்டினார்கள். பூங்காவுக்கு வெளியே கன்வர்ஸ் பேசின் என்ற இடத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெருந்தோப்பையே சாய்த்தார்கள். மரம் எளிதில் முறியக்கூடியது; விழுந்த வேகத்திலேயே பல துண்டுகளாகச் சிதறும். மிஞ்சியதில் பெரும்பகுதி வேலிக்கம்புக்கும் கூரை ஓட்டுப் பலகைக்கும் போனது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உடையற மரம்னு முதல் மரத்துலயே தெரிஞ்சிருக்குமே! அப்புறம் எதுக்கு ரெண்டாவதுல கோடாலி வச்சாங்க?" காருக்குத் திரும்பும்வரை இதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

ஷெர்மனைச் சுற்றி வேலி, கூட்டம், போட்டோ வரிசை. என்னைக் கேட்டால், அப்பா அம்மாவோடு அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் மியூசியம் பக்கத்திலுள்ள பிக் ட்ரீஸ் டிரெயில்தான். ஒரு புல்வெளியைச் சுற்றி வரும் வட்டப் பாதை, மியூசியத்திலிருந்து போய்வர ஒரு மைல் போல. தரை சமமாக இருக்கும், ஈரமான இடங்களில் மரப்பலகை போட்டிருக்கிறார்கள். நடுவில் வெட்டவெளி என்பதால் எதிர்க்கரை மரங்கள் அடியிலிருந்து நுனிவரை முழுசாகத் தெரியும். கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டாம். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

பாதையை ஒட்டி நின்ற ஒரு மரத்தில் அம்மா கை வைத்தார். "தேங்காய் நார் மாதிரி மெத்துன்னு இருக்குடி" என்றார். பட்டை 2 அடி கனம்வரை வளரும். சாதாரணக் காட்டுத்தீயை அதுதான் தாங்குகிறது. அடிமரத்தில் கரிந்த பொந்துகளைப் பார்த்து அம்மா, "பாவம், எரிஞ்சிருக்கே" என்றபோது, தீயின் சூட்டில்தான் காய்கள் காய்ந்து விதையைக் கொட்டும் என்று சொன்னேன். அவ்வளவு பெரிய மரத்தின் விதை விரல் நுனியில் ஒட்டுகிற அளவுதான். ஆனால் 2020, 2021-இல் வந்த தீ அந்த ரகமில்லை. உலகிலிருந்த பெரிய சீக்வோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் அந்த இரண்டே வருடத்தில் மாண்டிருக்கும் என்பது பூங்காத் துறையின் மதிப்பீடு. 2021-இல் ஷெர்மனின் அடிமரத்தைச் சுற்றி அலுமினியத் தகடு போர்த்திக் காப்பாற்றினார்கள்.

இந்த ஜயன்ட் ஃபாரஸ்டுக்குள் ஒரு காலத்தில் கடை, கேபின், ஓட்டல் என்று ஒரு சிற்றூரே இருந்தது. சீக்வோயாவின் வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில் பரவுவது. அதன்மேல் கட்டடமும் காரும் ஏறி நசுக்கியதால், 282 கட்டடங்களை அகற்றினார்கள். மிஞ்சிய பழைய கடைதான் இன்றைய மியூசியம். காசு கொட்டும் இடத்தை மரத்துக்காகக் காலி செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மோரோ ராக் என்ற பாறைக் குன்று வேண்டாம். 350-க்கு மேல் படிகள்.

நேரமிருந்தால் கிரான்ட் குரோவ் என்ற இன்னொரு சீக்வோயாத் தோப்பு அவசியம். ஜெனரல் கிரான்ட் மரத்தைச் சுற்றி மூன்றில் ஒரு பங்கு மைல் தார்ப்பாதை. அங்கே விழுந்து கிடக்கும் ஒரு பொந்து மரத்துக்குள் நிமிர்ந்தே நடந்து போகலாம். முன்பு குதிரை லாயமாகக்கூட இருந்தது. அப்பா உள்ளே போய் விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். "இன்னும் கட்டியாத்தான் இருக்கு" என்றார்.

சாலை விஷயத்தில் கவனம். தெற்கு வாசலில் சுமார் 1,700 அடியில் தொடங்கி 6,400 அடிவரை கொண்டை ஊசி வளைவுகளாகவே ஏறும். வாந்தி வருபவர்கள் இருந்தால் ஃப்ரெஸ்னோவிலிருந்து 180-ஆம் நெடுஞ்சாலை வழியாக வாருங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, பல இடங்களில் போன் சிக்னலும் கிடையாது. மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். நாங்கள் தங்கிய விடுதியில் தரைத்தளம் என்று முன்கூட்டியே கேட்டும் மாடி அறைதான் தந்தார்கள். லிஃப்ட் இல்லை. அம்மா ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறியதைப் பார்க்க வேதனையாக இருந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கட்டணம் காருக்கு 35 டாலர், 7 நாள் செல்லும். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு, 16 வயதிலிருந்து தலைக்கு 100 டாலர் கூடுதல். விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்கு இது பெரிய தொகை. பூங்காவைப் பராமரிக்கப் பணம் வேண்டும்தான், ஆனாலும் வயதானவர்களுக்காவது குறைத்திருக்கலாம். கிரீன் கார்டு உள்ள பெற்றோருக்கு 62 வயது ஆகிவிட்டால் 80 டாலரில் வாழ்நாள் சீனியர் பாஸ் கிடைக்கும். அதை வாசலிலேயே வாங்கிவிடுங்கள், காரில் கூட வருபவர்களுக்கும் சேர்த்துச் செல்லும்.