சொந்த ஊரில் ரூம் போடுவது: கோவையில் எந்தப் பக்கம்?

சென்னைக்குக் குடிபோன பிறகு, கோயம்புத்தூருக்கு ரெண்டு நாள் போனால் ரூம் போட்டுத்தான் தங்குகிறோம். அத்தைக்கு இதில் தீராத வருத்தம். “ஏங்கண்ணு, நம்மூடு இருக்கையில லாட்ஜு எதுக்கு?” என்பார். அத்தை வீடு துடியலூர் தாண்டி. போய்த் திரும்பவே பாதி நாள் ஓடிவிடும்.

ஊர் நடுவில் வசதியான ரூம் என்று தேடினால், கோவையில் ஒரு சிக்கல். இந்த ஊருக்கு நடு ஒன்றல்ல. ரயிலில் வருகிறவருக்கு ஒரு நடு, பஸ்ஸில் வருகிறவருக்கு இன்னொன்று, கார் வைத்திருப்பவருக்கு வேறொன்று.

முதலில் ஸ்டேஷன் எதிரே கீதா ஹால் ரோடு. சென்னையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் வந்தால் விடிகாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். பெரிய ஓட்டல்களில் மதியம் 12 மணிக்கோ 2 மணிக்கோதான் ரூம் தருவார்கள். அதுவரை லாபி சோபாவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இங்குள்ள லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. காலை 6 மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை 6 வரை ரூம் உங்களுடையது. குளித்துவிட்டு நடந்தே டவுன்ஹால் போய்க் கோனியம்மனைக் கும்பிட்டு வரலாம். ஆனால் ரூமைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நான் முதலில் பாத்ரூம் குழாயைத் திறப்பேன், அப்புறம் தலையணையை முகர்வேன். போன தடவை ஒரு லாட்ஜில் மூன்று ரூம் காட்டினார்கள், மூன்றிலும் தேங்காய் எண்ணெய் வாசம். நாலாவதுதான் தேறியது.

காந்திபுரத்தில் தங்கினால் எல்லா பஸ்ஸும் பக்கம் என்பார்கள். அது பாதிதான் உண்மை. சேலம், ஈரோடு, திருப்பூருக்குச் சரி. ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு ஸ்டாண்டு, பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் உக்கடம், மதுரைக்கும் திருச்சிக்கும் சிங்காநல்லூர். கிராஸ்கட் ரோட்டில் ஜவுளி எடுக்க வந்தவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. பையை ரூமில் போட்டுவிட்டு மறுபடி கடைக்கு இறங்கலாம். மூன்றாவது மாடியில் ஒரு ரூம் கிடைத்தது ஒருமுறை. மேம்பாலம் ஜன்னலுக்கு நேரே. ராத்திரி முழுக்க வண்டி வெளிச்சம் சுவரில் ஓடிக்கொண்டே இருந்தது, என் மனைவி துப்பட்டாவை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தாள். அதற்குப் பிறகு நாங்கள் ராம்நகருக்கு நகர்ந்துவிட்டோம். காந்திபுரத்துக்கும் ஸ்டேஷனுக்கும் இடைப்பட்ட பகுதி. உள் தெருவில் கேட்டு வாங்கினால் ஹாரன் சத்தம் குறையும். ஒரு ராத்திரிதான் என்றால் என் ஓட்டு இதற்கே.

அம்மா கூட வந்தால் கணக்கு மாறும். அப்போது ரேஸ் கோர்ஸ். விவாந்தா, வெல்கம்ஹோட்டல் மாதிரியான பெரிய ஓட்டல்கள் இங்கே இருக்கின்றன. லிஃப்ட், வெந்நீர், இரவில் அமைதி எதற்கும் குறையில்லை. காலையில் மரநிழலில் நடைபாதையைச் சுற்றி வருவது அம்மாவுக்கு ஓட்டலைவிடப் பிடித்தது. ஸ்டேஷனும் ஆட்டோவில் சீக்கிரம் போய்விடும் தூரம்தான். வரியை மட்டும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ஆகவே 7,400 ரூபாய் ரூமுக்கும் 7,600 ரூபாய் ரூமுக்கும் பில்லில் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். காலைச் சாப்பாடு சேர்த்த வாடகையும் எனக்கு ஒத்துவராது. அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி கிடைக்கிற ஊரில், மூடி போட்ட பாத்திரத்தில் ஆறிப்போன இட்லிக்கு எதற்குக் காசு?

ஆர்.எஸ்.புரத்தில் ரூம்கள் கொஞ்சம்தான். பேரூர், மருதமலை போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் சௌகரியம். சாயங்காலம் டி.பி. ரோட்டில் நடக்கலாம்.

அவினாசி ரோட்டில் பீளமேடு, நீலாம்பூர்ப் பக்கத்து ஓட்டல்களையும் புக்கிங் செயலிகள் கோவை என்றே காட்டும். ஏர்போர்ட்டுக்கும் கொடிசியா வளாகத்துக் கண்காட்சிக்கும் வருகிறவர்களுக்கு அது சரி. 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டர் ஓடுவதால், பழைய சிக்னல் தொல்லையும் குறைந்திருக்கிறது. ஆனால் ஊர் சுற்ற வந்தவர்கள் அங்கே தங்கினால் ரெண்டு நாளில் மேம்பாலத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

போன முறை ரேஸ் கோர்ஸ் பக்கம் ஓர் ஓட்டலில் தங்கியிருந்தபோது அத்தையே தேடி வந்துவிட்டார், கையில் தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சாப்பாடு. ரிசப்ஷனில் ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை’ என்று போர்டு. அந்தப் பையன் போர்டைப் பார்த்தான், போசியைப் பார்த்தான். “நெய் ஊத்திருக்கீங்களாங் அம்மா, வாசம் வருது” என்று சொல்லி லிஃப்ட் பொத்தானை அவனே அமுக்கிவிட்டான்.