கேமரா கூச்சம் உள்ள ஜோடிகளுக்கு: தரங்கம்பாடியில் எங்கள் ப்ரீ வெட்டிங் ஷூட்

நிச்சயதார்த்த ஆல்பம் வந்த அன்று நான் அழுதுவிட்டேன். எல்லாப் படத்திலும் தோளைத் தூக்கிக்கொண்டு, உதட்டை மட்டும் இழுத்துச் சிரிக்கிறேன். என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவருக்கோ ஃப்ளாஷ் அடித்தாலே கண் மூடிக்கொள்ளும். கல்யாணப் படமும் இப்படியே வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்குச் சம்மதித்தேன். கல்யாணத்துக்குப் படம் எடுக்கப்போகிற அதே அக்காதான் இதையும் எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அரை நாளுக்கு 18,000 ரூபாய், எடிட் செய்த 60 படங்கள்.

அந்த அக்கா முதலில் கேட்டதே, "எதெல்லாம் வேண்டாம்னு சொல்லுங்க" என்றுதான். கட்டிப்பிடிப்பது, தூக்குவது, கலர் புகை மூன்றும் வேண்டாம் என்றோம். சித்தி கூட வருவார் என்றும் சொன்னோம். "தாராளமா வரட்டும்" என்றார். அதிலேயே பாதி பயம் போனது.

மாமல்லபுரம் போகலாம் என்று முதலில் பேச்சு இருந்தது. ஆனால் அங்கே கூட்டம் இருக்கும்; நாலு பேர் நின்று பார்த்தாலே எனக்குக் கை கால் ஓடாது. மயிலாடுதுறைக்காரர்களுக்குத் தரங்கம்பாடி பக்கம்தான். வார நாளில் விடியற்காலை போனால் தெருவில் ஆளே இருக்காது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் நாங்கள் போகவில்லை. 1792இல் கட்டிய நகர வாயிலிலிருந்து கடலை நோக்கிப் போகும் தெருவில் சும்மா நடக்கச் சொன்னார் அக்கா. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருவரையொருவர் கேளுங்கள், என்னைப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான் என்றார்.

அவர் கையில் தூரத்திலிருந்தே படம் எடுக்கும் 70-200 லென்ஸ். அதனால் அவர் தெருவின் அந்தக் கோடியில் நின்றார். கேமரா முகத்துக்கு நேரே இல்லாததால் கொஞ்ச நேரத்தில் அதை மறந்தே போனோம். "இன்னும் எடுக்க ஆரம்பிக்கலையாக்கா?" என்று இவர் கேட்டபோது, அவர் நூற்றுக்கு மேல் எடுத்திருந்தார். அதில் ஒன்றே ஒன்றைக் காட்டினார். பறந்த முந்தானையை நான் பிடிக்கப் போகிறேன், இவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். அது என் சிரிப்புதான், வீட்டில் சிரிக்கிற சிரிப்பு.

கிழக்குக் கடல் என்பதால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். வெயில் ஏறியதும் எங்களைக் கடலுக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினார். இடது தோள் தூக்குவது என் பழக்கம் என்று கண்டுபிடித்து, "மூச்சை விடுங்க" என்பார். தோள் தானாக இறங்கும். இவருக்கு வேறு வழி: கண்ணை மூடிக்கொண்டு, மூன்று எண்ணியதும் திறப்பது. அந்தக் காலையில் எங்களுக்குக் கிடைத்தவற்றில் பெரியது இந்த இரண்டும்தான். கல்யாண மேடையில், விளக்கு வெளிச்சத்தில், அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால் இதையெல்லாம் யார் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க முடியும்?

குறை என்றால், முதலில் அனுப்பிய படங்களில் என் நிறத்தை இரண்டு மடங்கு வெளுப்பாக்கியிருந்தார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம். என் நிறம் எனக்கு வேண்டும் என்று சொன்னதும் நான்கு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். நீங்கள் முன்பே சொல்லிவிடுங்கள். ட்ரோன் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் மறுபடி விறைத்துப்போனோம். அப்புறம், கடற்காற்றில் பட்டு நிற்காது, கனமான பருத்திப் புடவை கட்டுங்கள்.

முகூர்த்தத்தன்று அந்த அக்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்று மூச்சை விடச் சொல்லிச் சைகை காட்டினார். தாலி கட்டும் படத்தில் என் தோள் இறங்கியிருக்கிறது, இவர் கண் திறந்திருக்கிறது. அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். என் நாத்தனாரும் படம் என்றாலே ஓடி ஒளிகிறவள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அதே அக்காவிடம் இப்போதே ஒரு காலை நேரம் கேட்டு வைத்திருக்கிறேன்.