நஹூம்ஸ் ஃப்ரூட் கேக்: கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் ஒரு யூதர் கடை

நஹூம்ஸில் முதலில் வாங்க வேண்டியது ரிச் ஃப்ரூட் கேக். மேலே க்ரீம் பூச்சு எதுவும் கிடையாது. கரும்பழுப்பு நிறத்தில் செங்கல் மாதிரி கனமாக இருக்கும். வெட்டினால் மாவைவிட உலர்பழம்தான் அதிகம் தெரியும். மெத்தென்ற பேக்கரி கேக்குக்குப் பழகியவர்களுக்கு முதல் வாயில் இது பிடிபடாது. மெல்லிய துண்டாக வெட்டி, நிதானமாக மென்று சாப்பிட வேண்டும். ஹௌராவிலிருந்து ரயிலில் சென்னைவரை எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்தாலும் வாங்கிய அன்றைய ருசி அப்படியே இருக்கிறது. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்களில் ஊருக்குப் போகிறவர் பையில் மிஷ்டி என்கிற வங்காள இனிப்பு இல்லாவிட்டாலும் இது இருக்கும்.

கடை, 1874-ல் திறந்த நியூ மார்க்கெட்டின் செங்கல் கட்டடத்துக்குள் இருக்கிறது. லிண்ட்சே தெருப் பக்கமாக நுழைந்து யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. பழைய தேக்கு மர ஷோகேஸ், கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பலகாரம், மரக் கல்லா. பளபளப்பாக்கும் ஆசைக்கு இடம் கொடுக்காமல் இதை இப்படியே வைத்திருப்பதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

பாக்தாதிலிருந்து வந்த யூதர் நஹூம் இஸ்ரேல் மொர்தகாய் 1902-ல் தொடங்கிய தொழில் இது. முதலில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். 1916-ல் இந்த மார்க்கெட்டுக்குள் வந்தார்கள். மூன்றாம் தலைமுறையில் பல ஆண்டுகள் கடையைக் கட்டிக்காத்த டேவிட் நஹூம் 2013-ல் காலமானார். அடுமனையில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு நிற்கும் வரிசை கடைக்கு வெளியே நடைபாதைவரை நீளும். அதில் கிறிஸ்தவர்கள் கொஞ்சம்தான், வங்காளி இந்துக்களே அதிகம். அந்த வரிசையில் நிற்கும் எவரும் மதநல்லிணக்கத்துக்காக நிற்பதாக நினைப்பதில்லை. கேக் நன்றாக இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் கேட்கிறார்கள், நிற்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த நெருக்கம் கடையில் தொடங்கியதல்ல. பாக்தாதி யூத வீடுகளில் முஸ்லிம் சமையற்காரரை வைத்துக்கொள்வது இந்த ஊரில் வழக்கமாக இருந்தது. பன்றி இறைச்சி இருவருக்குமே விலக்கு என்பதால் அடுப்படியில் பாதிச் சங்கடம் தீர்ந்தது. கறியோடு பால் சேரக் கூடாது என்பது யூதர்களின் விதி. அதை மீறாமலே குழம்பைக் கெட்டியாக்க இங்கே தேங்காய்ப்பாலைக் கற்றுக்கொண்டார்கள். சொதி சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இதைக் கேட்டதும் அந்தச் சமையல்மீது ஒரு பாசமே வந்துவிட்டது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள், என்னை இந்தக் கடைக்குக் கூட்டிவந்த அலுவலகத் தோழி. முஸ்லிம் குடும்பம்; பார்க் தெருவில் இருக்கும் ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூலில் படித்தவள். 1881-ல் யூதப் பெண் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் இன்று பெரும்பாலான மாணவிகள் முஸ்லிம்கள். “வெளியூர்க்காரங்க கேட்டு ஆச்சரியப்படும்போதுதான், இதுல ஆச்சரியப்பட ஏதோ இருக்குன்னே எனக்குத் தெரியும்” என்பாள். நஹூம்ஸில் ரம் சேர்த்த ‘ரம் பால்’ உருண்டையை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் லெமன் டார்ட் எடுத்துக்கொள்வாள். ஈத் அன்று அவள் வீட்டுக்குப் போனால் சேமியாவுக்குப் பக்கத்தில் அதே லெமன் டார்ட் தட்டில் இருக்கும். மாவு மொறுமொறுவென்று, நடுவே புளிப்பும் இனிப்பும் சரியாகச் சேர்ந்து, இந்தக் கடையில் ஃப்ரூட் கேக்குக்கு அடுத்தபடியாக நான் சொல்லக்கூடியது அதுதான்.

வெகுகாலம்வரை கொல்கத்தாவின் யூத ஜெப ஆலயங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் அனுமதிச் சீட்டுக்கு இந்த கேக் கடைக்குத்தான் வர வேண்டியிருந்தது. கேனிங் தெருவில் இருக்கும் மாகேன் டேவிட் ஆலயத்தை 1884-ல் எலியாஸ் டேவிட் எஸ்ரா தன் தந்தையின் நினைவாகக் கட்டினார். தேவாலயம் மாதிரி உயர்ந்த கோபுரம். அருகிலேயே போர்ச்சுகீசியர் தேவாலயம். உள்ளே விளக்குகளைத் துடைத்து, பெஞ்சுகளைப் பளபளவென்று வைத்திருப்பவர்கள் முஸ்லிம்கள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள், தலைமுறையாகச் செய்கிறார்கள். நாங்கள் போனபோது ஒருவர் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பித்தளையைத் துடைக்க ஆரம்பித்தார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 5,000 யூதர்கள் வாழ்ந்த ஊர் இது. இன்று 20 பேர் தேறுவதே கடினம். 1946 கலவரம், பிரிவினை, பிரிட்டிஷார் வெளியேறியது, 1948-ல் இஸ்ரேல் உருவானது என ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததில் லண்டனுக்கும் இஸ்ரேலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். யூதர்கள் என்பதற்காக இந்த ஊர் அவர்களைத் துரத்தவில்லை. கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் 10 பேர் வேண்டும். அந்த எண்ணிக்கை சேராததால் வழக்கமான வழிபாடு நின்றுபோனது. ஆலயத்தைத் துடைத்து வைப்பது மட்டும் நிற்கவில்லை. உலகின் வேறு மூலையில் இந்த இரண்டு மதத்தாரும் மோதிக்கொள்ளும் செய்தி வரும் நாட்களில் எனக்கு அந்தப் பித்தளை விளக்குகள் ஞாபகத்துக்கு வருகின்றன. அங்கே நடப்பதற்கு அது பதிலாகாது என்று தெரியும். ஆனால் இங்கே நடப்பதும் உண்மை, அதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

காரம் வேண்டுமானால் சிக்கன் பாட்டீஸ், சைவர்களுக்குச் சீஸ் அடைத்த சம்பூசக். கிறிஸ்துமஸ் வாரத்தில் வருவதாக இருந்தால் காலையிலேயே வந்துவிடுங்கள். ஆலயத்துக்கும் போக நினைத்தால் சனிக்கிழமையைத் தவிருங்கள், அவர்களுக்கு ஓய்வுநாள். ஆண்கள் தலையை மூட ஒரு கைக்குட்டை எடுத்துப்போவது நல்லது. கேக்கை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு போங்கள். நல்ல சரக்கு மதியத்துக்கு மேல் நிற்பதில்லை.