நின்றுபோன பழைய கார்: தள்ளுவதா, கேபிள் போடுவதா, சார்ஜ் ஏற்றுவதா?

ஆடியில் கொட்டகைக்குள் விட்ட மாருதி 800-ஐ தீபாவளிக்கு எடுக்கப் போனால் சாவிக்குக் கிடைக்கும் பதில் ஒரு ‘டிக்’ மட்டும்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வண்டி மட்டும் ஊரில் இருக்கும் காவிரி டெல்டா வீடுகளில் இது வருடா வருடம் நடப்பது. கூடி நிற்பவர்களில் ஒருவர் தள்ளலாம் என்பார், ஒருவர் டிராக்டரைக் கொண்டுவரச் சொல்வார், இன்னொருவர் பேட்டரியே போச்சு என்று முடித்துவிடுவார். மூன்றுமே சில நேரம் சரி. எந்த நேரம் என்பதுதான் கேள்வி.

எதைச் செய்வதற்கும் முன்னால் பானட்டைத் திறந்து பாருங்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலிக்கு வைக்கோல் போரும் அதன் பக்கத்தில் நிற்கும் காரும்தான் வீடு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வைக்கோல் கூடு இருக்கும், ப்ளக் ஒயர் கடிபட்டிருக்கும். சைலன்சர் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். இதைப் பார்க்காமல் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் கூளம் உள்ளே இழுக்கப்படும், ஒயர் உரசித் தீப்பொறி பறக்கும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அடைமழையில் கொட்டகைக்குள் வெள்ளம் புகுந்த வண்டி என்றால் சாவியைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியோ டெர்மினலோதான் காரணம். வெளிச்சம் அப்படியே நின்று செல்ஃப் மட்டும் சுற்றவில்லையா? செல்ஃப் மோட்டார், அதற்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான சோலனாய்டு, அதற்குப் போகும் ஒயர் இவற்றில் கோளாறு. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரிப் பேச்சையே விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் போங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூ பூத்துவிடும். பாதிப் பேர் பேட்டரி போச்சு என்று நினைப்பது இதைத்தான். 10 எண் ஸ்பேனரால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றி பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடித் துளைக்குள் இறங்கக் கூடாது. துடைத்து, இறுக்கி, வாசலைன் தடவுங்கள். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அதற்கும் மசியவில்லை என்றால் மல்டிமீட்டர். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 ஏறத்தாழ பாதி, 12-க்குக் கீழே காலி. 10.5-ஐ ஒட்டி நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனி தள்ளுவது. காசில்லாத வழி, ஆனால் டெல்டாவுக்கு ஒத்துவராத வழி. கொடைக்கானலில் பிரேக்கை விட்டாலே வண்டி உருளும். இங்கே பாலத்து ஏற்றமும் ஆற்றுக்கரையும் தவிர சரிவு ஏது? ஆற்றுக்கரையில் உருட்டுவதும் ஆபத்து. எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல்லாக இருக்கும், பக்கத்தில் வாய்க்கால். சமதரையில் 650 கிலோ மாருதியை மூன்று பேர் தள்ளிவிடலாம். அம்பாசிடர் ஆயிரம் கிலோவைத் தாண்டும்.

தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால்: சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச்சை மிதித்தபடி ஓட்டமாகத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்ச்சைப் பட்டென்று விட்டு, எஞ்சின் பிடித்ததும் மறுபடி மிதிக்க வேண்டும். முதல் கியரில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சோக் குமிழ் இருக்கும் கார்புரேட்டர் வண்டிக்கு, பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால், இது பலிக்கும். 2000-ஐ ஒட்டி வந்த எம்பிஎஃப்ஐ வண்டிகளில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுபவை) பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டரும் கரண்ட்டில் ஓடுபவை. பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் ஊரே கூடித் தள்ளினாலும் வீண். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் அதைக் கெடுக்கும். பல வருடம் மாற்றாத டைமிங் பெல்ட் அந்த உலுக்கலில் பல் தாண்டவும் கூடும்.

வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்கும் ஜம்பர் கேபிளுக்கு இந்த ஊரில் ஒரு வசதி: தெருவுக்கு ஒரு டிராக்டர். அதன் பேட்டரி 12 வோல்ட், காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை விடப் பெரியது. லாரி, பஸ், அறுவடை இயந்திரம் பக்கம் மட்டும் யோசிக்காமல் போகாதீர்கள். பலவற்றில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். காரில் கொடுத்தால் பல்பு முதல் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு வரை போய்விடும். கேபிளும் தடிமனாக இருக்க வேண்டும், 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல். வீட்டு வயரிங் ஒயர் சூடேறி உருகும்.

சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை டிராக்டர் பிளஸ்ஸில் கொடுங்கள். பிறகு கறுப்பு டிராக்டர் மைனஸில். அதன் கடைசி முனை கார் பேட்டரியில் அல்ல, பேட்டரியை விட்டுத் தள்ளியிருக்கும் கார் எஞ்சின் பாடியின் பெயிண்ட் இல்லாத இரும்பில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரி மேல் ஹைட்ரஜன் இருக்கலாம், அதனால்தான் இந்த வரிசை. டிராக்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு பிறகு செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். பிளஸ் மைனஸ் மாறினால் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவின் (ஆல்டர்னேட்டர்) டயோடு ஒரே நொடியில் போகும்.

வண்டி ஓடியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் ஜம்ப்பின் குறை. காலியான பேட்டரியை டைனமோ நிரப்பப் பல மணி நேரம் ஆகும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். அங்கே அணைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தால் மறுபடி ‘டிக்’ கேட்கலாம். டைனமோ சோதனை என்று ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றும் பழக்கமும் வேண்டாம். மீட்டர் வைத்தால் போதும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும்.

அவசரம் இல்லாதவருக்கு என் ஓட்டு சார்ஜருக்குத்தான். பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான திண்ணையில் வைத்து, தட்டுகள் மூழ்க டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்டில் ஏற்றுங்கள். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி ஏற்றுவது பல ஊரில் நடக்கிறது. 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரிக்காகச் செய்த இன்வெர்ட்டர் 10, 15 ஆம்பியர் தள்ளும். சின்ன பேட்டரி கொதித்து தட்டு வளையும். சார்ஜ் ஆனபின் ஓர் இரவு சும்மா விட்டு அளந்தால் 12.6 நிற்கிறதா? நிற்காமல் 12.3-க்கு இறங்கினால் அப்போது, அப்போது மட்டுமே, புது பேட்டரி வாங்கலாம்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டிக்கு இதெல்லாம் உதவாது. மூன்று மாதத்துக்குள் நின்ற பெட்ரோல் என்றால் புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றிக் கலக்கலாம். ஆறு மாதம் தாண்டினால் வடித்துவிடுவதே மேல். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அரை டேங்க் பெட்ரோல் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தாலோ வார்னிஷ் வாடை அடித்தாலோ முழுதும் வடியுங்கள். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் பிசின் பிடித்து அடைந்திருக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைக் கார்புரேட்டரின் வாயில் இரண்டு விநாடி அடித்து, பிறகு சாவியை முறுக்கினால் எஞ்சின் ஒரு தடவை உறுமி அணைகிறதா? அப்படியானால் ஸ்பார்க் சரி, பெட்ரோல்தான் வரவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஸ்பிரேக்கும் உறுமாத வண்டியில் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நனைந்திருந்தால் துடைத்து வெயிலில் காயவைத்து மாட்டலாம், காய்ந்திருந்தால் ப்ளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பழைய வண்டிகளில் உள்ளே இருக்கும் பாயிண்ட்டில் (திறந்து மூடும் தொடுமுனை) ஏறிய படிவை மெல்லிய எமரித் தாளால் தேய்க்க வேண்டும்.

பழைய டீசல் அம்பாசிடருக்கு வைத்தியம் வேறு: ஃபில்டர் அடியில் தங்கிய தண்ணீரை வடித்து, கை பம்ப்பால் குமிழி நிற்கும்வரை காற்றெடுத்து, ஹீட்டர் ப்ளக் சூடேறும் வரை பொறுத்து, பிறகு செல்ஃப்.