‘லியென்ஷ்யூ’வுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் வேலை பார்த்தாலும் சீனத்தில் ‘தொடர்ந்து’ என்று பொருள்படும் ‘லியென்ஷ்யூ’தான்; மூன்று நாள் அடுத்தடுத்து மழை பெய்தாலும் அதே ‘லியென்ஷ்யூ’தான். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ‘கன்டினுவஸ்’ ஒன்றையே எல்லா இடத்திலும் போடும் சீன மாணவர்கள் ‘கன்டினுவஸ் த்ரீ டேஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அதில் பிழை இரண்டு. முதலாவது வரிசை: சீனத்தில் ‘லியென்ஷ்யூ ஸான் தியென்’ என்று எண் பின்னால் வரும், ஆங்கிலத்தில் எண்தான் முன்னால். இரண்டாவது சொல்தேர்வு. நாள், ஆட்டம், வெற்றி என்று எண்ணக்கூடியவை விடுபடாமல் வந்தால் எழுத்தில் ‘ஃபார் த்ரீ கன்செக்யூட்டிவ் டேஸ்’, பேச்சில் ‘த்ரீ டேஸ் இன் எ ரோ’. இரவில் மழை விட்டிருந்தாலும் பரவாயில்லை, எந்த நாளும் விடுபடவில்லை என்பதுதான் கணக்கு. ‘த்ரீ டேஸ் ஆஃப் கன்டினுவஸ் ரெயின்’ என்றாலோ 72 மணி நேரமும் மழை விடவில்லை.

எது என்று தடுமாறினால் ‘ஸ்ட்ரெய்ட்’ கைகொடுக்கும். ‘த்ரீ ஸ்ட்ரெய்ட் டேஸ்’, ‘த்ரீ டேஸ் ஸ்ட்ரெய்ட்’ இரண்டும் சரி. ‘டென் அவர்ஸ் ஸ்ட்ரெய்ட்’ தூங்கவும் செய்யலாம். பேச்சுவழக்குச் சொல் என்பதால் அலுவல் அறிக்கைக்கு வேண்டாம். ‘ஆன் எண்ட்’ பன்மைப் பெயருக்குப் பின்னால்தான் வரும்: ‘ஃபார் அவர்ஸ் ஆன் எண்ட்’. பெரும்பாலும் எண் இல்லாமலே வந்து, நீண்ட நேரம் என்ற அலுப்பைக் காட்டும். ‘ஒர்க்ட் நான்-ஸ்டாப்’ என்பதில் ‘லி’ விகுதி சேர்க்கக் கூடாது.

விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப நடப்பதற்கு ‘கன்டினியுவல்’ இருக்கிறது. சீனத்தின் ‘பூதுவான்’ இதையும் இடைவிடாத ஓட்டத்தையும் சேர்த்தே குறிப்பதால் குழப்பம் கூடும். தொடக்க நிலையில் இந்தச் சொல்லைத் தள்ளிவைத்து ‘கீப்’ பழகுவதே நல்லது: ‘தி போன் கெப்ட் ரிங்கிங்’. சீன வினைச்சொல் உருமாறாது என்பதால் ‘கெப்ட் ரிங்’ என்று எழுதும் பழக்கம் இங்கே தலைகாட்டும்; ‘இங்’ விகுதி கட்டாயம். ‘ஹி இஸ் கான்ஸ்டன்ட்லி கம்ப்ளெய்னிங்’ என்பதில் சலிப்பும் ஒட்டியிருக்கிறது. ஒருவரைப் பாராட்டும்போது கவனம் தேவை.

‘நெடுக, விடாமல்’ என்று பொருள்படும் ‘யீஜி’ என்ற சீனச் சொல்தான் இன்னும் வம்பு. அதை ‘ஆல்வேஸ்’ என்று மாற்றி ‘இட் ஆல்வேஸ் ரெயின்ட் டுடே’ என்கிறார்கள். ‘ஆல்வேஸ்’ வழக்கத்தைச் சொல்லும் சொல். காலையிலிருந்து இன்னும் பெய்துகொண்டிருக்கும் மழைக்கு ‘இட் ஹாஸ் பீன் ரெயினிங் ஆல் டே’ என்பதே பொருந்தும். தொடர்ச்சியை அங்கே வினைவடிவமே சொல்லிவிடுகிறது.