அலுமினியப் புரிக்கு ஏற்ற டோர்க் ரெஞ்ச் எது?

மட்டக்களப்பு கல்லடியில் மோட்டார் சைக்கிளும் வள்ளத்து எஞ்சினும் திருத்துகிற எங்கள் கராஜுக்கு வரும் வேலைகளில், புரி அழிந்த துளையைப் பார்ப்பதுதான் எனக்கு அதிக மனவருத்தம் தருவது. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து வருகிற விவசாயி ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஒயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றும்போது, அதன் மேல் அலுமினியம் மெல்லிய வெள்ளிக் கம்பியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், முன்பு இறுக்கியவரின் கை மீறியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். அதன் பின்னர் துளையைப் பெரிதாக்கி, புதுப் புரி வெட்டி, கம்பிச் சுருள் இறக்க வேண்டும். அன்றைக்கு வயலுக்குப் போக வேண்டியவர் பகல் முழுவதும் வாங்கிலில் உட்கார்ந்திருப்பார்.

எனக்குத் தொழில் பழக்கிய பாஸ், "கை சொல்லும், மனே" என்பார். அவருடைய கை உண்மையிலேயே சொன்னது. ஆனால் அந்தக் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எஞ்சின் மூடிகளைப் பிடிக்கும் 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு வேண்டிய முறுக்கு, அதன் அலகில் சொன்னால், பெரும்பாலும் 10 முதல் 12 நியூட்டன் மீற்றர்தான். 25 சென்ரிமீற்றர் நீளமான பிடியின் நுனியில் 4 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 10 நியூட்டன் மீற்றர் வந்துவிடும். அதே இறுக்கத்தைப் பாதி நீளமுள்ள ஸ்பனரில் கொண்டுவர 8 கிலோ வேண்டும். ஸ்பனர் மாறினால் கை உணர்கிற பாரமும் மாறும் என்பதால்தான், புதிதாகப் பழகுகிற தம்பிமாருக்கு இறுக்கும் முறுக்கை அளந்து சொல்கிற டோர்க் ரெஞ்ச் இல்லாமல் எஞ்சின் மூடியை இறுக்க நான் விடுவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் பலர் முதலில் கையில் எடுப்பது அரை அங்குலச் சதுரத் தலையுள்ள நீண்ட ரெஞ்சை. நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன். அதன் அளவுகோல் 28 இலிருந்து 210 நியூட்டன் மீற்றர் வரை செல்லும். சில்லின் அச்சு நட்டுக்கும் கார் சில்லு நட்டுக்கும் அது மிகப் பொருத்தமானது. ஒரு நாள் கிளச் மூடியின் போல்ட் ஒன்றுக்காகக் கைப்பிடியை 28 என்ற கோட்டுக்கும் கீழே சுழற்றி, இதுதான் 12 ஆக இருக்கும் என்று நானே ஊகித்துக்கொண்டு இறுக்கினேன். வைத்த அளவை எட்டியதும் ரெஞ்ச் தருகிற சொடுக்கு வரும் வரும் என்று காத்திருந்தபோது, கையில் பாரம் கூடுவதற்குப் பதிலாகத் திடீரெனக் குறைந்தது. புரி போய்விட்டிருந்தது. ரெஞ்சின் மேல் குற்றமில்லை. கீழ் எல்லைக்குக் கீழே அதன் சுருள்வில் எதையும் அளப்பதில்லை. அந்த நாளிலிருந்து, ரெஞ்சின் வகையைப் பார்க்கும் முன் அது எதிலிருந்து எதுவரை அளக்கும் என்ற வீச்சைப் பார்க்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

எனவே, மோட்டார் சைக்கிள் வேலைக்கு உண்மையான போட்டி, 5 முதல் 25 நியூட்டன் மீற்றர் வரை அளக்கும் கால் அங்குலச் சொடுக்கு ரெஞ்சுக்கும், அதே அளவில் வரும் முள் ரெஞ்சுக்கும் இடையில்தான் இருக்கிறது. சொடுக்கு வகையில் வேண்டிய இலக்கத்தைக் கைப்பிடியில் வைத்து இறுக்கினால், அந்த அளவை எட்டியதும் தலை மெல்ல நழுவி 'டக்' என்று கைக்குச் சொல்லும். எரிபொருள் தாங்கிக்கு அடியில், கண் எட்டாத மூலையிலும் இது வேலை செய்யும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் 8, 10 போன்ற சிறிய அளவுகளில் அந்தச் சொடுக்கு மிக மென்மையானது. வீதியில் பஸ் போகிற சத்தத்தில் அதைத் தவறவிட்டு மேலும் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐ.எஸ்.ஓ. 6789 என்ற தரநிர்ணயம், 10 நியூட்டன் மீற்றருக்கு மேல் அளக்கும் சொடுக்கு ரெஞ்சுக்கு 4 சதவீத வழுவை அனுமதிக்கிறது. பாவிப்பவர் தனக்கென வேறு ஒழுங்கு வைத்திருக்காவிட்டால் 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 தடவைக்கு ஒருமுறை அளவு திருத்தவும் சொல்கிறது.

முள் ரெஞ்சில் சொடுக்கும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. ஓர் உருக்குத் தண்டு வளைகிறது. வளையாத இன்னொரு மெல்லிய கம்பி எவ்வளவு வளைந்தது என்பதை அளவுகோலில் காட்டுகிறது. கீழே விழுந்து முள் பூச்சியத்திலிருந்து விலகினால், விரலால் வளைத்து மீண்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவரலாம். அனுமதிக்கப்பட்ட வழு 6 சதவீதமாக இருந்தாலும், வருடக்கணக்கில் மாறாமல் உண்மை சொல்லும் கருவி இது. பாரம் ஏறுவதைக் கண்ணால் காணலாம் என்பதால், புரி இளகத் தொடங்கும்போது முள் முன்னேறாமல் நிற்பதையும் காணலாம். அந்த எச்சரிக்கையைச் சொடுக்கு ரெஞ்ச் தருவதில்லை. நேராகக் குனிந்து பார்த்தால்தான் சரியான இலக்கம் தெரியும் என்பதும், ஆடும் கைப்பிடியை நடுவில் மட்டுமே பிடிக்க வேண்டும் என்பதும் இதன் சிரமங்கள்.

மின்னணு ரெஞ்ச் அலகை மாற்றிக் காட்டும், ஒலி எழுப்பும், எட்டிய உச்ச அளவை நினைவில் வைக்கும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள எங்கள் கராஜில் பற்றரியின் தொடுமுனைகளில் பச்சை படிவதற்கு ஒரு மாரி போதும் என்பதால் நான் அதை வாங்கவில்லை. வட்ட முகப்புள்ள வகை பரிசோதனைக்கு நல்லது. தரையில் விழுகிற இடத்துக்கு உகந்ததல்ல.

கார்பரேட்டரின் 4 மில்லிமீற்றர் திருகுகளுக்குக் கால் அங்குல ரெஞ்சும் பெரிதுதான். துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்துகிறவர்கள் வளையத் திருகுகளை 1.7 முதல் 2.3 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்குவதற்கென்று திருகாணிச் சாவி வடிவில் டோர்க் கருவிகள் இருக்கின்றன. 1 முதல் 7 வரை அளக்கும் அந்த வகை கிடைத்தால் இங்கும் அது மிகவும் உதவும்.

எதை வாங்கினாலும் அலகைக் கவனிக்க வேண்டும். பழைய கைநூல்களில் கிலோகிராம் மீற்றர் இருக்கும். அதில் 1 என்பது 9.8 நியூட்டன் மீற்றர். ஒரு அடி-பவுண்டு 1.36 நியூட்டன் மீற்றர் என்பதால், அடி-பவுண்டுக் கோட்டில் 12 வைத்தால் போல்ட்டுக்கு 16 போகும். கைநூலில் உள்ள இலக்கம் பெரும்பாலும் ஒயில் படாத புரிக்கானது. ஒயில் பூசினால் உராய்வு குறைந்து, அதே இலக்கத்தில் போல்ட் அதிகமாக இழுபடும்.

நான் முடிவாகச் சொல்வது, சொடுக்கு ரெஞ்சை வேலைக்கும் முள் ரெஞ்சை அதைச் சோதிப்பதற்கும் வாங்குங்கள் என்பதே. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முள் ரெஞ்ச். முள் ரெஞ்ச் வாங்கும்வரை நான் சொடுக்கு ரெஞ்சைத் தண்ணீர்க் கானால் சோதித்தேன். சதுரத் தலையை வைஸில் கிடையாகப் பிடித்து, தலையின் நடுவிலிருந்து 25 சென்ரிமீற்றரில் கைப்பிடியில் 5 லீற்றர் தண்ணீர் நிரம்பிய கானைக் கட்டித் தொங்கவிட்டால் 12 நியூட்டன் மீற்றருக்குச் சற்று மேல் பாரம் விழும். கானினதும் ரெஞ்சினதும் சொந்த எடை இன்னும் கொஞ்சம் சேர்க்கும். ரெஞ்சை 12 இல் வைத்தால் சொடுக்கி, 15 இல் வைத்தால் சொடுக்காமல் நின்றால் எஞ்சின் மூடிக்கு அதை நம்பலாம். மாலையில் கராஜைப் பூட்டும்முன் கைப்பிடியை மிகக் கீழ்க் கோட்டுக்கு இறக்கி, உப்புக் காற்றுப் படாமல் மூடியுள்ள பெட்டியில் வைத்துவிடுவேன்.