மி-26 ஆ, சினூக்கா?

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலம் விழுந்ததிலிருந்து, தாமிரபரணிக் கரை டீக்கடைகளில், சுமை தூக்கும் ஹெலிகாப்டர்களில் மி-26 உசத்தியா, சினூக் உசத்தியா என்ற பேச்சு உண்டு.

சுமையில் சோவியத் காலத்து மி-26தான் அண்ணாச்சி. 1977-இல் முதலில் பறந்தது, தலையில் எட்டு இறக்கை, 20 டன் தூக்கும். 2002-இல் ஆப்கானிஸ்தானில் பழுதாகிக் கிடந்த ஒரு சினூக்கையே கட்டித் தூக்கிப் போயிருக்கிறது!

அமெரிக்கச் சினூக் தூக்குவது அதில் பாதிதான், சுமார் 10 டன். ஆனால் முன்னும் பின்னும் இரண்டு சுழலிகள் எதிரெதிராகச் சுற்றுவதால், உடல் சுழன்றுவிடாமல் பிடிக்கும் வால் விசிறி வேண்டாம். விசிறிக்குப் போக வேண்டிய சக்தியும் சுமை தூக்கத்தான் போகிறது. மலைச்சரிவில் பின்சக்கரத்தை மட்டும் ஊன்றி, பின்கதவு வழியே ஆட்களை ஏற்றிக்கொள்ளும். மாஞ்சோலையில் சாலை அறுந்தால் நான் இதைத்தான் கேட்பேன். மி-26-க்கு நல்ல மைதானம் வேண்டும். அது கிளப்பும் காற்றில் ஓட்டுக்கூரை தங்குமா என்ன? புல்டோசர் இறக்கணும் என்றால் சரி, அண்ணாச்சியைக் கூப்பிடலாம்.